எந்த பாக்டீரியா, எந்த வேலைக்கு? புரோபயாடிக் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்துக் கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. “வயிறு சரியில்லை, புரோபயாடிக் ஒண்ணு கொடுங்க.” “எது வேணும்?” “எதுன்னாலும் சரி, எல்லாம் நல்ல பாக்டீரியாதானே!”

உடலுக்கு நன்மை செய்யும் என்று சாப்பிடும் உயிருள்ள நுண்ணுயிரிகள்தான் புரோபயாடிக். பெரும்பாலான தவறுகள் இந்த ‘எதுன்னாலும் சரி’யில்தான் தொடங்குகின்றன.

அட்டையில் ‘லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி’ என்று போட்டிருந்தால், முதல் சொல் பேரினம், இரண்டாவது இனம், கடைசியில் வரும் ‘ஜிஜி’தான் ரகம். (கண்டெடுத்த கோர்பாக், கோல்டின் இருவரின் பெயர்களின் முதல் எழுத்துகள் அவை.) ‘நெல்’ என்பதற்கும் ‘பொன்னி’ என்பதற்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் இதிலும் உண்டு. சில நேரம் அதைவிட அதிகம். ஈ-கோலை பாக்டீரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓ157 ரகம் ரத்தபேதியை உண்டாக்கும். அதே இனத்தின் இன்னொரு ரகத்தை, முதல் உலகப் போரில் மற்றவர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோதும் வராமல் தப்பித்த ஒரு படைவீரரின் குடலிலிருந்து 1917இல் ஆல்ஃபிரட் நிஸ்லே பிரித்தெடுத்தார். அது ஜெர்மனியில் மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. ஆகவே ரகத்தின் பெயரே இல்லாத டப்பாவைக் கீழே வைத்துவிடலாம் என்பது என் கட்சி.

ஒரு குழப்பம் வரக்கூடும். 2020இல் லாக்டோபேசில்லஸ் பேரினத்தை அறிவியலாளர்கள் பிரித்து, பலவற்றுக்குப் புதுப்பெயர் சூட்டிவிட்டார்கள். ராம்னோசஸ் இப்போது லாக்டிகேசிபேசில்லஸ். பழைய அட்டையில் ஒன்று, புதிய அட்டையில் இன்னொன்று இருக்கலாம். ‘ஜிஜி’ மாறாமல் இருந்தால் ஆள் அதேதான்.

அடுத்த தவறு, ஓர் ஆய்வின் முடிவை எல்லோருக்கும் பொருத்துவது. இதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ஒடிசா கிராமங்களில் 4,500க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2017இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரமின் ஒரு குறிப்பிட்ட ரகத்தை, அதற்கு உணவாகும் ஒரு வகைச் சர்க்கரையுடன் சேர்த்து 7 நாட்கள் கொடுத்தார்கள். செப்சிஸ் எனும் கடும் தொற்றோ மரணமோ நேர்ந்தது இதைக் கொடுக்காத குழுவில் 9 சதவீதம். கொடுத்த குழுவில் 5.4 சதவீதம். மிகப் பெரிய வித்தியாசம் இது. ஆனால் அவர்கள் எல்லோரும் தாய்ப்பால் குடித்த, ஓரளவு எடையோடு பிறந்த குழந்தைகள். இதைப் படித்துவிட்டுக் குறைமாதக் குழந்தைக்கு ஏதோ ஒரு புரோபயாடிக் சொட்டு மருந்தை வீட்டிலேயே புகட்டினால் விபரீதமாகலாம். கொடுத்த நுண்ணுயிரியே ரத்தத்தில் புகுந்து உயிரைப் பறிக்கக்கூடும் என்று குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023இல் எச்சரித்தது.

எதிர்பக்கமும் உண்டு. மேலே சொன்ன ஜிஜி ரகத்தை, வயிற்றுப்போக்கோடு அவசரப் பிரிவுக்கு வந்த 971 அமெரிக்கக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2018இல் வெளியான முடிவு: ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்து கொடுத்த குழந்தைகளுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. எனவே குழந்தைக்குப் பேதி என்றால் முதலில் கையில் எடுக்க வேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசல், பிறகு மருத்துவர் சொல்லும் அளவில் துத்தநாகம். புரோபயாடிக் கொடுத்தாயிற்று என்ற நிம்மதியில் ஓ.ஆர்.எஸ்.ஸை மறந்துவிடுவதுதான் ஆபத்து.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். ‘இட்லி ஒரு புரோபயாடிக்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே? மாவைப் பொங்க வைக்கும் லூக்கோநாஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள் அதில் இருப்பது உண்மைதான். ஆனால் இட்லிப் பானையின் ஆவியில் பத்து நிமிடம் வெந்தபிறகு அவை உயிரோடு இருக்காது. புளிப்பதால் கிடைக்கும் நன்மைகள் இட்லியில் தங்கும். உயிருள்ள பாக்டீரியா தங்காது. கொதித்த மோர்க்குழம்புக்கும் இதே கதி. தயிரும் பழைய சோறும் அப்படியில்லை, அவற்றில் உயிர் இருக்கிறது. ஆனால் வீட்டு உறைமோரில் எந்த ரகம், எத்தனை என்று யாருக்கும் தெரியாது. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். 2001இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய வல்லுநர் குழு சொன்ன வரையறைப்படி, புரோபயாடிக் என்றால் உயிரோடு இருக்க வேண்டும், போதுமான அளவில் சேர வேண்டும், உடலுக்கு நன்மை செய்ய வேண்டும். தயிரை நல்ல உணவு என்று தாராளமாகச் சாப்பிடுங்கள். நோய்க்கு மருந்து என்று நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். (பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தயிர் ஒத்துப்போவது மட்டும் வெறும் நம்பிக்கை அல்ல, தயிரின் பாக்டீரியாவே லாக்டோஸைச் செரிக்க உதவுகிறது.)

அளவு என்றால் எண்ணிக்கை. ஒரு நாள் அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிரிகள் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. தயாரித்த அன்று இருந்த எண்ணிக்கையை விடக் காலாவதி நாள் வரை இருக்கும் எண்ணிக்கைதான் முக்கியம். குளிர்பதனத்தில் வைக்கச் சொன்னதை வெயில் படும் அலமாரியில் வைத்திருக்கும் கடையில் வாங்காதீர்கள்.

புரோபயாடிக்கை ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்து விழுங்குவதும் வழக்கமான தவறு. ஆன்டிபயாட்டிக் கெட்டதையும் நல்லதையும் பிரித்துப் பார்த்துக் கொல்வதில்லை. சாக்கரோமைசஸ் பௌலார்டி என்ற புரோபயாடிக் தப்பிக்கும், ஏனென்றால் அது பாக்டீரியா அல்ல, ஈஸ்ட். ஆனால் பூஞ்சைக்கான மாத்திரை சாப்பிட்டால் அதுவும் காலி. நெஞ்சுப் பகுதியின் பெரிய ரத்தநாளத்தில் மருந்துக் குழாய் பொருத்தியவர்கள், எதிர்ப்பு சக்தி குன்றியவர்கள் இந்த ஈஸ்டின் பக்கமே போகக் கூடாது. நெதர்லாந்தில் கணையம் கடுமையாக வீங்கிய நோயாளிகளுக்கு புரோபயாடிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வெளியானது. கொடுத்த குழுவில் 24 பேரும் கொடுக்காத குழுவில் 9 பேரும் இறந்திருந்தார்கள். ‘நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் இல்லையே’ என்று சொல்பவர்களுக்கு இந்த எண்களைச் சொல்வேன்.

அப்புறம், இதே தவறுகளை அப்படியே வயலிலும் பார்க்கலாம். உயிர் உரப் பொட்டலம் என்பது மண்ணுக்கான புரோபயாடிக்தான். பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சில் வாழ்ந்து காற்றின் நைட்ரஜனைச் செடிக்குத் தரும் பாக்டீரியா ரைசோபியம். உளுந்துக்கான ரைசோபியத்தைச் சோயாவுக்குப் போட்டுவிட்டு ‘இதெல்லாம் வேலைக்காகாது’ என்பார்கள். பயறு வகையைப் பொறுத்துத் தோதான ரைசோபியமும் மாறும். நெல்லுக்கு என்றால் அசோஸ்பைரில்லம் கேட்டு வாங்க வேண்டும். விதை நேர்த்திக்கு உயிர் உரத்தைக் கலக்கும் அரிசிக் கஞ்சி ஆறியிருக்க வேண்டும். சூடான கஞ்சியில் கலந்தால் இட்லிப் பானையில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும். நேர்த்தி செய்த விதையை நிழலில்தான் உலர்த்த வேண்டும். பூஞ்சைக்கொல்லி கலப்பதாக இருந்தால் அதை முதலில் முடித்து, ஒரு நாள் கழித்து உயிர் உரம். யூரியாவோடு ஒரே கூடையில் கலந்து வீசவே கூடாது.

விவசாயிக்கு ஒரு வசதி, நமக்கு இல்லாத ஒன்று. உளுந்துச் செடி பூக்கும் நேரத்தில் ஒன்றை மெதுவாகப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அடுத்த பருவத்துக்கு வேறு பொட்டலம்.