வடசென்னை வியாசர்பாடியில் வளரும் பிள்ளையிடம் நிறம், சாதி பற்றி எப்படிப் பேசுவது?

ஏழு வயதில் என் மகள் கழுத்து வரை பவுடரை அப்பிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். வகுப்பில் யாரோ 'கருவாச்சி' என்றிருக்கிறார்கள். 'விடு, கண்டுக்காதே' என்று சொல்ல வாய் வந்தது, நல்லவேளை சொல்லவில்லை.

அப்படிச் சொன்னால் பிள்ளை அடுத்த முறை நம்மிடம் வராது. முதலில் முழுசாகக் கேளுங்கள், நடுவில் கோபப்படாதீர்கள், அப்புறம் 'தப்பு உன்மேல் இல்லை, சொன்னவர்மேல்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகள் பலர் வெள்ளைப் பொம்மையையே நல்லதென்று எடுத்ததை 1940களில் உளவியலாளர்களான கிளார்க் தம்பதியர் காட்டினார்கள். அங்குள்ள குடும்பங்கள் நிறவெறி பற்றிப் பிள்ளைகளிடம் சின்ன வயதிலேயே பேசிவிடுவதும் சும்மா இல்லை.

நாமும் 'வெயிலில் போகாதே, கறுத்துடுவே' என்பதை நிறுத்த வேண்டும். இதுதான் கஷ்டம், பாட்டி வரைக்கும் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

'வியாசர்பாடியா?' என்று யாராவது முகம் சுளித்தால் என்ன பதில் சொல்வது என்று வீட்டிலேயே பேசிப் பழக்குங்கள். 'ஆமா, எங்க ஏரியாதான், அதுக்கென்ன?' போதும்.

சாதி சொல்லித் திட்டினால் தேதி, சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் எல்லாவற்றையும் அன்றே எழுதி வைத்து, பள்ளியில் எழுத்தில் புகார் கொடுங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது.

காலையில் அடிக்கடி வயிற்றுவலி, தூக்கமின்மை, பள்ளி என்றாலே அழுகை என்று தொடர்ந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள், மனநல ஆலோசனை இலவசம், தமிழிலேயே பேசலாம்.