கிட்ல டிஃப் பாக்க தனி டூல் வைக்கலாம் வாங்க (ஒரு கொட்டேஷன் என்னைய கோட்டியாக்குன கதையோட)

கிட் (ஃபைல்ல பண்ணுத மாத்தங்களைக் கணக்கு வச்சுக்கிடுத சாஃப்ட்வேர்) போட்டு நாலு கமிட் அடிச்சுப் பழகிட்டீங்கன்னு வச்சுக்கிட்டுதான் எழுதுதேன். கமாண்டெல்லாம் தமிழ்லயே எழுதிருக்கேன், டெர்மினல்ல இங்கிலீஷ்ல அடிச்சுக்கிடுங்க.

பத்தமடையில பாய்க்கடை வச்சிருக்க மாமா ஒருத்தருக்கு பில் போடுத புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன், விலைப்பட்டியல் பூராவும் ஒரே ஃபைல், அதுல கடைத்தம்பி அங்கங்க கை வச்சிட்டான், என்னத்த மாத்துனாம்னு பாக்க, வித்தியாசம் காட்டுத கிட் டிஃப் அடிச்சா சிவப்பும் பச்சையுமா ஓடிக்கிட்டே இருக்கு, கண்ணு பூத்துப்போச்சு. பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் நமக்கு விளங்கும்.

அப்படிக் காட்டுததுக்குன்னு தனி டூல் இருக்கு, உபுண்டுன்னா யோசிக்காதீங்க, மெல்ட்தான். சூடோ ஏபிடி இன்ஸ்டால் மெல்ட், அடுத்து

கிட் கன்ஃபிக் --குளோபல் டிஃப்.டூல் மெல்ட்

கிட்டுக்கு மெல்டை முன்னாடியே தெரியும், அதனால கிட் டிஃப்டூல்னு அடிச்சா திறந்துரும். ஒவ்வொரு ஃபைலுக்கும் திறக்கவா திறக்கவான்னு உயிரை வாங்கும், அதே கிட் கன்ஃபிக்ல டிஃப்டூல்.பிராம்ப்ட்டை ஃபால்ஸ்னு வச்சிட்டா வாயை மூடிக்கிடும். விண்டோஸ்காரங்களுக்கு வின்மெர்ஜ் போதும், ஃப்ரீதான். பியாண்ட் கம்பேர் நல்ல சாமான், ஆனா காசு கொடுத்து வாங்குத அளவுக்கு நமக்கென்ன சோலி கெடக்கு.

நான் மாட்டிக்கிட்டது விஎஸ் கோட்ங்குத எடிட்டர்ல. டிஃப்.டூல்ல விஎஸ்கோட்னு பேரு கொடுத்திட்டு, அந்தப் பேருக்கு என்ன ஓடணும்னும் நாமளே சொல்லணும்:

கிட் கன்ஃபிக் --குளோபல் டிஃப்டூல்.விஎஸ்கோட்.சிஎம்டி 'கோட் --வெயிட் --டிஃப் "$லோக்கல்" "$ரிமோட்"'

லோக்கல்னா பழைய ஃபைல், ரிமோட்னா புது ஃபைல், ரெண்டும் கேப்பிட்டல் லெட்டர்ல. வெளிய இருக்கது ஒத்தைக் கொட்டேஷன், நல்லாப் பாத்துக்கிடுங்க. நான் அங்க ரெட்டையைப் போட்டுட்டேன். டெர்மினல் என்ன பண்ணுச்சுன்னா, $லோக்கல்னு ஒண்ணு எங்கிட்ட இருக்கான்னு தேடிப் பாத்து, இல்லைன்னதும் அதை வெறுமையாக்கி கிட்டு கையில கொடுத்திருக்கு. விஎஸ் கோட் திறக்குது, உள்ள ஒண்ணுமில்ல. ராத்திரி ஒரு மணி வரைக்கும் விஎஸ் கோட்டை அழிச்சு அழிச்சுப் போட்டேன், கூறுகெட்ட வேலை, கிட் கன்ஃபிக் --கெட்னு அந்தப் பேரைக் கேட்டிருந்தா வெறும் "கோட் --வெயிட் --டிஃப்"னு மொட்டையா நிக்கது அப்பவே தெரிஞ்சிருக்கும்.

--வெயிட்டையும் விட்டுராதீங்க. கிட் பழைய வெர்ஷனை ஒரு தற்காலிக ஃபைல்ல எழுதித்தான் டூல்கிட்ட கொடுக்கும், டூல் முடிஞ்சதும் அதை அழிச்சிரும். வெயிட் இல்லைன்னா கோட் கமாண்ட் உடனே திரும்பி வந்துரும், சோலி முடிஞ்சுன்னு கிட் அழிச்சிரும், ஃபைலைக் காணும்னு நீங்க முழிக்க வேண்டியதுதான்.

அப்புறம் சேத்தது: விண்டோஸ்ல எடுபடலன்னு தென்காசியில இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாப்ல. கமாண்ட் பிராம்ப்ட்டுக்கு ஒத்தைக் கொட்டேஷன் புரியாது, கிட்டோட சேந்து வருத கிட் பேஷ்ல அடிங்க தம்பி.

இன்னொண்ணு, தமிழ்ல ஃபைல் பேரு வச்சா கிட் ஸ்டேட்டஸ்ல "க"வுக்குப் பதிலா \340\256\225னு வரும். பயப்படாதீங்க, கோர்.கோட்பாத் ஃபால்ஸ்னு வச்சா தமிழ்லயே காட்டும். அந்த "கோட்" விஎஸ் கோட் இல்ல, கொட்டேஷன்ல வருத கோட், ஸ்பெல்லிங் வேற.

கடைசியா மாமா ஃபைலுக்கு வருவோம். மெல்ட்ல ரெண்டு பக்கமும் "கோரைப்பாய்"தான், எழுத்துக்கு எழுத்து ஒண்ணுபோல, ஆனா வித்தியாசம்னு கலர் காட்டுது. என் கீபோர்ட்ல "கோ"வோட ஓகாரம் ஒரே குறியா விழுது, கடைத்தம்பி கீபோர்ட்ல ரெட்டைக்கொம்பு தனி, கால் தனி. கண்ணுக்கு ஒண்ணு, கிட்டுக்கு ரெண்டு. விலையில அவன் மாத்துனது மூணே மூணு வரி.