நாய்க்குட்டியின் கழிப்பறைப் பழக்கம்: வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

இரண்டு மாதக் குட்டிக்குச் சிறுநீரை அடக்கும் திறன் இன்னும் முழுமையாக வந்திருக்காது. வயதை மாதக் கணக்கில் எடுத்து அதனுடன் ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் மணி நேரமே அதனால் அடக்க முடிந்த அளவு என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அது ஓய்ந்து கிடக்கும் நேரத்துக்கான கணக்கு. தூங்கி எழுந்ததும், உணவு உண்ட சிறிது நேரத்திலும், ஓடியாடி விளையாடும்போதும் அதற்கு அவசரம் வந்துவிடும் என்பதால், அந்த வேளைகளில் அது கேட்பதற்கு முன்பே வெளியே கொண்டுசெல்ல வேண்டும்.

குட்டி குரைத்துத் தெரிவிக்கும் என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். விளையாட்டைச் சட்டென நிறுத்துவது, தரையை முகர்ந்தபடி ஒரே இடத்தைச் சுற்றுவது, ஆளில்லாத அறைக்கோ மூலைக்கோ நழுவுவது, கதவருகே போய்த் திரும்பிப் பார்ப்பது ஆகியவைதான் அதன் மொழி. இவற்றுக்கும் சிறுநீர் கழிப்பதற்கும் இடையே சில நொடிகளே இருக்கக்கூடும். கைபேசியில் மூழ்கியிருப்பவரின் கண்ணில் அவை படுவதில்லை.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, நனைந்த தரையைப் பின்னர் பார்த்துவிட்டுக் குட்டியை அடிப்பதும் அதன் மூக்கை அதில் தேய்ப்பதும் ஆகும். முன்பு செய்ததையும் இப்போது விழும் அடியையும் அது இணைத்துப் பார்ப்பதில்லை. காதை மடக்கித் தலை குனிந்து நிற்பதைக் குற்ற உணர்வு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது நம் கோபத்தைத் தணிக்க முயலும் அச்சம். அடிபட்ட குட்டி நம் கண்முன் கழிப்பதே ஆபத்து என்று கற்றுக்கொண்டு, வெளியே எவ்வளவு நேரம் நின்றாலும் கழிக்காமல், வீடு திரும்பியதும் சோபாவின் பின்னால் போய்விடும். இதைப் பிடிவாதம் என்று கருதி மேலும் அடிப்பவர்களும் உண்டு. சரியான இடத்தில் கழித்த அந்தக் கணமே பாராட்டி ஒரு தின்பண்டம் கொடுக்க வேண்டும். உள்ளே வந்த பிறகு கொடுத்தால், அது எதற்காக என்று குட்டிக்குப் புரியாது.

கழித்த மறுநொடியே உள்ளே தூக்கி வருவதும் கூடாது. கழித்தால் வெளியுலகம் முடிந்துவிடும் என்று தெரிந்த குட்டி, முடிந்தவரை தள்ளிப்போடும்.

தரையைப் பினாயில் ஊற்றித் துடைத்தால் நமக்கு வாடை தெரியாமல் போகலாம், நாயின் மூக்குக்கு அது மறைவதில்லை. சிறுநீரைச் சிதைக்கும் நொதி (என்சைம்) கலந்த திரவங்கள் கடைகளில் கிடைக்கின்றன. தடுப்பூசிகள் முடியும்வரை, பார்வோ என்ற கொடிய வைரஸ் தொற்றுக்கு அஞ்ச வேண்டிய தெருவோரங்களைத் தவிர்த்து மொட்டை மாடியையோ சொந்த வளாகத்தையோ பயன்படுத்தலாம்.

நன்கு பழகிய குட்டி திடீரெனச் சொட்டுச் சொட்டாக அடிக்கடி கழிக்கத் தொடங்கினால், சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.