குறைமாதக் குழந்தையும் பள்ளி வயதுத் தாயும்: வீட்டில் செய்ய வேண்டியவை

37 வாரம் நிறைவதற்குள் பிறப்பது குறைமாதக் குழந்தை. அதைப் பெற்றவளுக்கே பதினாறு, பதினேழு வயதுதான் என்றால், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ உள்ள நம் வீடுகளில் ஆயா (பாட்டி) குழந்தையைத் தன் மடிக்கு மாற்றிக்கொள்வதும், பெண் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதும் எளிதில் நேர்ந்துவிடும். குழந்தையை அவள் ஏந்த, அவளைப் பெரியவர்கள் தாங்குவதே சரியான முறை என்பேன்.

முதலில், குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைக்கும் கங்காரு முறையைப் பழகுங்கள். இன்குபேட்டர்கள் போதாத நிலையில் 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய இம்முறையை, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை கடைப்பிடிக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. தொப்பி, காலுறை, அணையாடை மட்டும் அணிந்த குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்தி, தலையை ஒருபுறம் திருப்பி, கால்களைத் தவளையைப் போல மடக்கி வைத்து, பழைய பருத்திச் சேலையால் காதின் கீழ்ப்பகுதி வரை கட்ட வேண்டும். மூக்கும் வாயும் மறையக் கூடாது. தாயின் உடற்சூடும் இதயத் துடிப்பும்தான் குழந்தைக்கு இங்கே மருந்து. தூங்கவைக்கும்போது மல்லாத்தியே கிடத்துங்கள். சாம்பிராணிப் புகை வேண்டவே வேண்டாம். முதிராத நுரையீரல் அதைத் தாங்காது.

அடுத்து, குழந்தையின் குறிப்பை அறியுங்கள். விரல்களை விரிப்பது, விக்குவது, கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்புவது ஆகியவை ‘போதும்’ என்பதற்கு அடையாளங்களாக இருக்கலாம். அப்போது பேச்சையும் விளக்கொளியையும் குறைத்துவிட்டுக் காத்திருங்கள். உதடு நீலமானாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பிறகு, வயதைத் திருத்திக் கணக்கிடுங்கள். 32 வாரத்தில் பிறந்த குழந்தை எட்டு வாரம் முந்தி வந்தது. ஆகவே நான்கு மாதத்தில் அதன் வளர்ச்சியை இரண்டு மாதக் குழந்தையின் வளர்ச்சியோடுதான் ஒப்பிட வேண்டும். கழுத்து நிற்கவில்லையே என்று உறவினர் கேட்கும்போது இளந்தாய் குன்றிப்போகாமலிருக்க இக்கணக்கு உதவும். இரண்டு வயது வரை இப்படியே கணக்கிடலாம். தடுப்பூசிகளுக்கு மட்டும் பிறந்த தேதியே கணக்கு. குழந்தையின் வளர்ச்சியும் தடுப்பூசிகளும் பதிவாகும் ‘ரோட் டு ஹெல்த்’ கையேட்டைக் கிளினிக்குக்கு மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

கருவுற்றதைக் காரணம் காட்டி ஒரு மாணவியைத் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் நீக்க முடியாது. அவள் வகுப்புக்குத் திரும்பியபின், காலையில் பாலைப் பிழிந்து குளிர்பெட்டியில் வைத்துச் செல்லட்டும். பகலில் ஆயா அதைக் கோப்பையால் புகட்டி, தம் மார்பிலேயே குழந்தையைக் கட்டிக்கொள்ளலாம், மாலையில் அவள் வந்ததும் சேலை கைமாறட்டும்.