மலைநாட்டில் ஒரு சேம்பர் இசைக் கச்சேரி: முதன்முறை நடத்துவோருக்கு

இரண்டு பேர் முதல் எட்டுப் பத்துப் பேர் வரை, ஆளுக்கொரு தனிப் பகுதியை, நடத்துநர் இல்லாமல், பெரும்பாலும் மைக் இல்லாமல் வாசிப்பதுதான் சேம்பர் இசை. அதிலும் 20ஆம் நூற்றாண்டுப் படைப்புகளில் முணுமுணுப்பு அளவுக்கு இறங்கும் ஒலியும் நீண்ட மௌனங்களும் நிறைய. கொழும்பில் இதை நடத்துபவர் என்ன வாசிப்பது என்று முதலில் யோசிக்கலாம். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் அப்படித் தொடங்கினால் சிக்கல்தான். இங்கே மழை, ஈரம், குளிர் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் நிகழ்ச்சி நிரலில் கை வைக்க வேண்டும்.

1. மாதமும் நேரமும்

மலையகம் முழுவதற்கும் ஒரே மழைக்காலம் கிடையாது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி கொட்டித் தீர்க்கும். அங்கே ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு மழை வடகீழ்ப் பருவத்தில் வருவதால், ஜூன் முதல் ஓகஸ்ட் வரை ஏற்றது. ஏப்ரலும் ஒக்டோபரும் எந்தப் பக்கத்துக்கும் வேண்டாம். பின்னேரம் ஆனால் இடியோடு மழை இறங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி நல்ல நேரம். தோட்டத்தில் வேலை இல்லை, நாளின் வெப்பம் உச்சத்தில் இருக்கும், பனிமூட்டம் இறங்குமுன் சனம் பஸ் பிடித்துவிடலாம். நாள் குறிக்கும் முன் சுற்றியுள்ள கோயில்களில் திருவிழா இருக்கிறதா, விகாரையில் ஏதும் நிகழ்ச்சி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். அரை மைல் தள்ளி ஓர் ஒலிபெருக்கி போட்டாலே உங்கள் மெல்லிய பகுதிகள் காணாமல் போய்விடும்.

2. கூரையைப் பாருங்கள்

மண்டபம் அழகாக இருக்கிறதா என்பது பிறகு. அண்ணாந்து பாருங்கள். வெறும் தகரக் கூரையென்றால் தூறல் விழுந்தாலே வயலின் கேட்காது. தகரத்துக்குக் கீழே பலகைத் தட்டு அடித்திருந்தால் பரவாயில்லை. ஓட்டுக் கூரையும் பலகைத் தட்டும் உள்ள பழைய தேவாலயங்களும் கிளப் மண்டபங்களும் இந்த இசைக்கு மிகப் பொருத்தமானவை.

நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். ஒலி ஒன்றரை விநாடியளவில் அடங்கினால் நல்லது. மூன்று விநாடி இழுத்தால் வேகமான பகுதிகள் குழம்பிவிடும். பின்சுவரில் கம்பளிப் போர்வைகள் தொங்கவிடுங்கள். ஆட்கள் நிறைந்ததும் இன்னும் கொஞ்சம் குறையும். அடுத்து, ஒருவர் முன்னால் நின்று வயலின் கம்பியை விரலால் மெல்லச் சுண்டட்டும். கடைசி வரிசையில் அது கேட்காவிட்டால், அந்த வரிசைக்குக் கதிரை போடாதீர்கள்.

3. பியானோ இருந்தால்

பழைய மண்டபங்களின் மூலையில் நிற்கும் பியானோவைக் கண்டதும் ஆசை வரும். முதலில் போனில் உள்ள ட்யூனர் செயலியால் நடு ஸ்தாயி ‘ஏ’ ஸ்வரத்தைப் பாருங்கள். அது 440 ஹேர்ட்ஸ் இருக்க வேண்டும். 435க்கு இறங்கியிருந்தால் வயலின்களை அதற்கேற்பத் தாழ்த்திச் சமாளிக்கலாம். கிளாரினெட் இருந்தால் அதுவும் குழாயைச் சற்று இழுத்து ஈடுகொடுக்கும். ஏறத்தாழ அரை ஸ்வரம் (415) வரை இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். பல வருடம் தளர்ந்து கிடந்த கம்பிகளை ஒரே நாளில் 440க்கு இழுத்தால் அறுந்துபோகும், அறாதவையும் மறுநாளே இறங்கிவிடும்.

ஈரத்தால் விசைகள் ஒட்டிக்கொள்வது இங்கே சாதாரணம். பழைய வைத்தியம் ஒன்றுண்டு: கச்சேரிக்கு மூன்று வாரம் முன்பிருந்தே பியானோவின் கீழ்ப்பெட்டிக்குள், பலகையிலோ துணியிலோ படாமல், 25 வாட் இழை பல்பு ஒன்றை எரியவிடுவது. எல்ஈடி பல்பு சூடு தராது, பயனில்லை. பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவரைக் கச்சேரிக்கு முதல்நாள் வரவழையுங்கள், ஒரு வாரம் முன்னதாக அல்ல.

4. என்ன வாசிப்பது

மொத்தம் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியட்டும். புதியவர்களுக்கு இந்த நான்கும் போதும்.

ஸ்டீவ் ரைஷின் ‘கிளாப்பிங் மியூசிக்’ (1972): இரண்டு பேர், நான்கு கைகள், வாத்தியமே இல்லை. சுமார் ஐந்து நிமிடம்.

பேலா பார்டோக்கின் இரு வயலின்களுக்கான 44 துண்டுகளில் (1931) எட்டு: பெரும்பாலானவை கிராமத்துப் பாட்டு மெட்டுகளிலிருந்து பிறந்தவை. இலகுவானதிலிருந்து கடினமானதுக்குப் போகும். வயலின் பரீட்சையில் கிரேட் 5, 6 முடித்த பிள்ளைகளுக்கே இதில் இடம் உண்டு.

ஆர்வோ பேர்ட்டின் ‘ஸ்பீகல் இம் ஸ்பீகல்’ (1978), வயலினும் பியானோவும், எட்டுப் பத்து நிமிடம். ஸ்வரங்கள் மிகக் குறைவு என்பதால் இது சுலபம் என்று நினைப்பார்கள். பியானோவில் ஒரு விசை சுருதி தப்பினாலும் அது திரும்பத் திரும்பக் கேட்கும். வயலினின் நீண்ட ஸ்வரத்தில் வில் நடுங்கினால் ஒளிக்க இடமில்லை. பியானோ சரியில்லாவிட்டால் இதை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே சேர்ந்து வாசித்துப் பழகிய நால்வர் கிடைத்தால் மட்டும், ஷொஸ்டகோவிச்சின் எட்டாவது ஸ்ட்ரிங் குவார்ட்டெட் (1960): இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ. சுமார் இருபது நிமிடம், ஐந்து பகுதி, இடைவெளி இல்லை. ஆகவே இடையில் கைதட்டல் விழாது.

வெபர்ன் இதே நான்கு வாத்தியங்களுக்கு எழுதிய ஆறு பகட்டெல்லுகள் என்ற குறுந்துண்டுகள் (1913) மொத்தமே நான்கு நிமிடந்தான். அற்புதமான இசை. ஆனால் பாதிக்கு மேல் மூச்சொலி அளவில் போவதால், முதல் கச்சேரியில் வேண்டாம்.

நோட்டுகளைப் போட்டோகொப்பி அடிக்குமுன் யோசியுங்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆக்கியவர் இறந்து 70 வருடம் வரை உரிமை உண்டு. பார்டோக் 1945இல் இறந்தார், தடையில்லை. மற்ற மூவரின் படைப்புகளுக்கும் நோட்டை விலைக்கு வாங்கி, பொதுவில் வாசிக்க அனுமதியும் பெற வேண்டும். இசைக்கலைஞரின் உழைப்புக்கு நாம் கொடுக்கும் முதல் மரியாதை அது.

5. கைதட்டல் பயிற்சி

பன்னிரண்டு எண்ணிக்கை, அதில் எட்டுத் தட்டு:

த த த – த த – த – த த –

முதலாமவர் கடைசி வரை இதையே தட்டுவார். இரண்டாமவர் பன்னிரண்டு தடவை சேர்ந்து தட்டியபின், முதல் எண்ணிக்கையைத் தூக்கிக் கடைசியில் போடுவார்: த த – த த – த – த த – த. இப்படி ஒவ்வொன்றாக நகர்ந்து, பன்னிரண்டாவது நகர்வில் இருவரும் மீண்டும் ஒன்றாவார்கள். தப்பு மேளம் அடிப்பதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தப் பின்னல் சீக்கிரம் பிடிபடும்.

இரண்டு பிழைகள் வழக்கம். ஒன்று, நகரும்போது மெல்ல வழுக்குவது. சட்டென்று, ஒரே எண்ணிக்கையில் மாற வேண்டும். மற்றது, நகர்ந்தவர் தன் பழைய முதல் தட்டிலேயே அழுத்தம் கொடுப்பது. அப்போது புதிய கோலம் கேட்காது, யாரோ தாளம் தப்பியதுபோல் இருக்கும். இருவரும் பொதுவான முதல் எண்ணிக்கையையே மனதில் பிடிக்க வேண்டும். நிமிடத்துக்கு 160 எண்ணிக்கையில் தொடங்கி, ஆறு வாரத்தில் அதை இரட்டிப்பாக்குங்கள். உள்ளங்கையைச் சற்றுக் குழித்துத் தட்டினால் ஒலி திரளும், கை எரியாது.

6. வாத்தியங்களும் குளிரும்

தப்பைத் தீயில் காய்ச்சி விறைப்பேற்றுவோம். வயலினை ஹீட்டர் பக்கமே கொண்டுபோகக் கூடாது, பலகை வெடித்துவிடும். கொழும்பிலிருந்து வரும் வாத்தியங்களைப் பெட்டியைத் திறக்காமல் ஒரு மணித்தியாலம் மண்டபத்தில் வையுங்கள். குளிரில் உலோகக் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும், ஈரத்தில் மரம் ஊதி முறுக்காணி இறுகும். இறுகிய ஆணியைப் பலவந்தமாகத் திருப்பினால் ஒடியும். வால்பகுதியில் உள்ள சிறு திருகுகளால் சரிசெய்யுங்கள்.

வில்லின் மயிர் ஈரத்தில் நீளும். எவ்வளவு திருகினாலும் விறைக்காத வில் அந்த நாளில் உதவாது, ஒன்று மேலதிகமாக இருக்கட்டும். ஒரு ஸ்வரத்தில் மட்டும் ‘ஸ்ஸ்’ என்று அதிர்ந்தால், விரல் முட்டியால் வயலினின் ஓரத்தைச் சுற்றி மெல்லத் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் சத்தம் பொத்தென்று மாறினால் அங்கே பசை விட்டிருக்கிறது. சூப்பர் குளூ போடாதீர்கள். வாத்தியம் திருத்துபவர் பிறகு அதைப் பிரிக்க முடியாது.

கிளாரினெட், புல்லாங்குழல் போன்றவை எதிர்ப்பக்கம் போகும். காற்று ஒரு பாகை குளிர்ந்தால் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் மூன்று பங்கு) இறங்கும். வாசிப்பவரின் மூச்சு குழாயைச் சூடாக்கி வைத்திருக்கும்வரை தெரியாது. பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு நுழையும்போது தாழ்ந்து ஒலிக்கும். நுழையுமுன் சத்தமில்லாமல் உள்ளே ஊதிக்கொண்டிருக்கச் சொல்லுங்கள்.

7. மேடை

நால்வருக்கு மூன்று மீற்றர் அகலம், இரண்டரை ஆழம். கைப்பிடி இல்லாத கதிரைகள். சிமெந்துத் தரையில் செலோவின் அடியில் ஊன்றும் முள் வழுக்கும். ஓர் அங்குலப் பலகையைப் போட்டு, முள்ளுக்குச் சிறு குழி துளைத்து, பலகையைக் கதிரைக் காலோடு பெல்ட்டால் கட்டுங்கள். செலோவின் ஒலியும் அதில் கொஞ்சம் திரளும். நோட் ஸ்டாண்டுக்கு இரண்டு உடுப்புக் கிளிப், பற்றரியில் எரியும் சிறு விளக்கு ஒன்று. கரண்ட் போனாலும் வாசிப்பு நிற்காது.

8. சபைக்கு

ஒவ்வொரு படைப்புக்கும் முன் இரண்டு நிமிடம், தமிழில். வாழ்க்கை வரலாறு வேண்டாம், காதுக்கு ஒரு பிடி கொடுங்கள். ஷொஸ்டகோவிச் தன் பெயரின் எழுத்துகளையே (ஜெர்மன் ஸ்வரப் பெயர்களில் D, S, C, H) டீ, ஈ ஃப்ளாட், சீ, பீ என்று நான்கு ஸ்வரங்களாக்கி வைத்திருக்கிறார். செலோ அந்த நான்கை மட்டும் தனியே வாசித்துக் காட்டட்டும். பிறகு இருபது நிமிடமும் சபை அதைத் தேடிக்கொண்டிருக்கும்.

9. முடிந்த பிறகு

வில்களைத் தளர்த்துங்கள், வில்லில் பூசும் ரொசின் பிசின் கம்பியில் படிந்த தூளைக் காய்ந்த துணியால் துடையுங்கள். பியானோவுக்குள் பல்பைத் திரும்ப எரியவிட மண்டபக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். மறுநாள் காலை வயலின்களின் ஓரத்தை இன்னொரு தடவை தட்டிப் பாருங்கள். எங்காவது பசை விட்டிருந்தால் தெரியவரும்.