சர்க்கரை நோயாளிக்கு நீல மக்காச்சோளக் கூழ்: ஷிமா சானி காட்டிய பதம்

அமெரிக்காவின் அரிசோனாவில், நவஹோ என்ற பழங்குடி மக்களின் சின்லி ஊரில், சர்க்கரை நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. வந்த புதிதில் எதையெல்லாம் சாப்பிடக்கூடாது என்ற பட்டியலைத்தான் நீட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருநாள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, தோஷ்சீன் என்ற நீல மக்காச்சோளக் கூழைக் கிண்டக் கற்றுத் தந்தார். அவரை நான் ஷிமா சானி என்பேன். ‘என் பாட்டி’ என்று பொருள். இப்போது என்னிடம் வருபவர்களிடம் இந்தக் கூழிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறேன்.

முதலில் சாம்பல். ஜூனிப்பர் மரத்தின் பச்சை நுனிகளை மட்டும் பறிக்க வேண்டும். சாலையோர மரம் வேண்டாம், புகையும் தூசியும் படிந்திருக்கும். சுத்தமான இரும்புச் சட்டியில் எரித்து, ஆறியதும் மெல்லிய சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். ஒரு டீஸ்பூன் சாம்பலில் ஏறக்குறைய ஒரு தம்ளர் பாலுக்குச் சமமான கால்சியம் உண்டு. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இங்கே நிறைய என்பதால், இதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

மூன்று கப் தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஒரு டீஸ்பூன் சாம்பலைக் கரையுங்கள். ஒரு கப் நீல மக்காச்சோள மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக்கொண்டே கிண்டுங்கள். சாம்பல் நிறத்தில் இருக்கும் மாவு, சாம்பலின் காரத்தன்மை பட்டதும் பளிச்சென்று நீலமாகும்; பார்க்கவே அழகு. ஷிமா சானி கரண்டியைத் தொடமாட்டார். மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டி வைத்திருக்கிறார், அதனால் கிண்டினால் கட்டி தட்டுவதில்லை. தணலைக் குறைத்து, கெட்டியாகிப் பளபளப்பு வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் கிண்டினால் போதும்.

சர்க்கரை போடாதீர்கள், தேனும் வேண்டாம். இந்த அளவு நான்கு பேருக்கானது. ஒருவர் பங்குக்குக் கால் கப் மாவு, அதாவது சுமார் 25 கிராம் மாவுச்சத்து. ‘பாரம்பரிய உணவுதானே’ என்று இரண்டு கிண்ணம் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கூடவே அவித்த பீன்ஸோ கொழுப்பு நீக்கிய ஆட்டுக்கறியோ பூசணியோ வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நவஹோ வீடுகளில் கொழுப்பில் பொரித்துச் சாப்பிடும் வறுத்த ரொட்டி (ஃப்ரை பிரெட்)? அது இவர்களின் ஆதி உணவு அல்ல. 1864-இல் அமெரிக்க ராணுவம் இவர்களை ஊரைவிட்டு விரட்டி, நியூ மெக்சிகோவின் போஸ்கே ரெடோண்டோ முகாமில் அடைத்து வைத்தது. அங்கே ரேஷனாகக் கிடைத்த மைதாவும் கொழுப்பும் கொண்டு பசியாற்றிய ரொட்டி அது. 1868-இல் ஊர் திரும்பியபோது ரொட்டியும் கூடவே வந்துவிட்டது. பிழைக்க வைத்த உணவை நான் பழிக்கமாட்டேன். விசேஷ நாளில் பாதி ரொட்டி என்று மட்டும் சொல்வேன். 2014-இல் நவஹோ அரசே நொறுக்குத் தீனிக்கும் இனிப்புப் பானங்களுக்கும் 2 சதவீதக் கூடுதல் வரி போட்டது, காய்கறி பழங்களுக்கு விற்பனை வரியை நீக்கியது.

கூழ் சாப்பிடத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு 180 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இருந்தால் நல்லது. தாண்டினால் அடுத்த முறை பங்கைக் குறைத்து, பீன்ஸைக் கூட்டுங்கள். மாத்திரையையும் இன்சுலினையும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.