கொட்டகை மரத்தில் அடுப்படி அலமாரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி, பாட்டன் காலத்து மாட்டுக்கொட்டகையைப் பிரித்த வேப்ப மரத்தில் அடுப்படி அலமாரிக்குக் கதவு செய்துகொண்டிருந்தார். உத்தரத்தை மில்லில் அறுத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் பசை போட்டுச் சட்டம் கோத்துவிட்டார். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 15 வருடத்துக்கு முன் நானும் அதையேதான் செய்தேன்.

ஆணியைப் பிடுங்குவது, கரையான் அரித்ததை ஒதுக்குவது பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. மில்காரரே சொல்லிவிடுவார்.

"தாத்தா காலத்து மரம், இனிமேல் என்ன காயணும்?"

எங்கள் கொட்டகை உத்தரம் வேங்கை, 6 அங்குலச் சதுரம். பிரித்த பிறகு வெறும் மண்மேல் கிடந்து ஐப்பசி மழை முழுக்க நனைந்தது. கார்த்திகையில் அறுத்தேன். அந்தச் செம்பழுப்பையும் ரேகையையும் பார்த்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. "கொஞ்ச நாள் அடுக்கி வைங்கண்ணே" என்று மில்காரர் சொன்னதைக் காதில் வாங்காமல், பொங்கலுக்குள் நான்கு கதவை மாட்டிவிட்டேன். வந்தவர்கள் எல்லாரும் தடவிப் பார்த்துப் பாராட்டினார்கள்.

சித்திரையில் மூன்று கதவின் நடுப்பலகை மேலிருந்து கீழாகப் பிளந்தது. நான்காவது முறுக்கிக்கொண்டு மூட மறுத்தது. வேங்கையைக் கடையில் வாங்கலாம். தாத்தா தூக்கி வைத்த உத்தரத்தை எந்தக் கடையில் வாங்குவது? இன்றைக்கும் ஆறவில்லை.

ஒருமுறை காய்ந்த மரம் எப்போதும் காய்ந்தே இருப்பதில்லை. மழையில் ஈரம் குடித்து அகலத்தில் பருக்கும், வெயிலில் ஈரம் விட்டு அகலத்தில் சுருங்கும். நீளம் அநேகமாக மாறாது. நான் நடுப்பலகையைச் சட்டத்தின் காடியில், அதாவது அது உட்காரும் பள்ளத்தில், பசை வைத்து இறுக்கியிருந்தேன். சுருங்க இடமில்லாமல் அது பிளந்தது. அதோடு, தடித்த உத்தரத்தை அறுக்கும்போது உள்ளே இருக்கும் விறைப்பு அவிழும். நேராக வந்த பலகைகூட இரண்டு வாரத்தில் வளையலாம்.

அதனால் வேண்டிய கனத்தைவிடக் கால் அங்குலம் கூடுதலாக அறுங்கள். பலகைகளுக்கு நடுவே ரீப்பர் துண்டு (மெல்லிய மரச்சட்டம்) வைத்து, காற்றோட்டமான நிழலில் அடுக்குங்கள். ஒரு பலகையை வாரம் ஒருமுறை எடை போட்டு, அதன்மேலேயே பென்சிலால் எழுதி வாருங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் இழைப்புளியைத் தொட வேண்டும். நடுப்பலகைக்குக் காடியில் பசையே வேண்டாம், இரண்டு பக்கமும் ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) இடம் விடுங்கள்.

நல்லவேளை, தம்பியின் கதவுகளில் பசை முழுதாக இறுகவில்லை. ஈரத்துணி வைத்துப் பிரித்துவிட்டோம். பலகைகள் இப்போது அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன.

மேலே என்ன பூசியிருக்கிறது என்று கேட்காமல் இழைப்பது

கரையானுக்கு என்று வேஸ்ட் ஆயில் பூசியிருப்பார்கள். முந்திரி விளையும் ஊர்களில் கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கும் கறுப்பு எண்ணெய் பூசுவார்கள். அது பட்ட மரத்தை வெறுங்கையால் இழைத்தால் தோல் கொப்பளித்துவிடும். சில வீடுகளில் பிஹெச்சி என்ற பூச்சிமருந்துப் பவுடர் தூவியிருப்பார்கள். அது 1997-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட விஷம். வீட்டுப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். சந்தேகம் இருந்தால் அந்தத் துண்டு அடுப்படிக்கே வேண்டாம்.

பனை வாரையில் காய் நறுக்கும் பலகை

சிராய் ஏறும். கூடாது.

காய் நறுக்கும் பலகைக்குச் சமையல் எண்ணெய் பூசுவது

சிக்கு வாடை அடிக்கும். மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் கேட்டு வாங்குங்கள்.